போடாமல் விட்ட ஸ்க்ரூ

பிடரியில் கை வைத்துப் பாருங்கள். மண்டையோடு முடிந்து கழுத்து ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு பள்ளம் தட்டுப்படும். "பிடரியிலேயே ஒண்ணு வச்சேன்னா..." என்று வீட்டில் பெரியவர்கள் மிரட்டுவார்களே, அதே இடம். வெளியே இருந்து பார்த்தால் முடிவெட்டுபவர் மெஷின் ஓட்டுகிற சாதாரண இடம்தான். உள்ளே, ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய அளவில், இரண்டு எலும்பு, மூளையிலிருந்து இறங்குகிற தண்டுவடம், மூளைக்கு ஏறுகிற இரண்டு ரத்தக்குழாய் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. டவுன் பஸ் மாதிரி. ஒருத்தர் கொஞ்சம் நகர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு இடி.

இந்த இடத்தில் ஆபரேஷன் செய்கிறவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதுதான் விஷயம். தண்டுவடத்துக்கு என்று எல்லோரும் நினைப்போம். அதுவும்தான். ஆனால் தண்டுவடம் எங்கே இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், அது இடம் மாறாது. ரத்தக்குழாய் அப்படியில்லை. சிலருக்கு அது புத்தகத்தில் போட்டிருக்கிற வழியில் போவதே இல்லை.

முதலில் அந்த இரண்டு எலும்புகள். கழுத்தில் இருப்பது ஏழு முள்ளெலும்பு. மேலே முதலாவது அட்லஸ் (சி1), அடுத்தது ஆக்ஸிஸ் (சி2). பாட்டி வீட்டில் திருகைக் கல் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கீழ்க்கல்லின் நடுவே ஒரு முளை நிற்கும், மேல்கல் அந்த முளையைச் சுற்றிச் சுழலும். ஆக்ஸிஸிலிருந்து பல் மாதிரி ஒரு முளை மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. அட்லஸ் ஒரு வளையம். முளை வளையத்தின் முன்பக்கம் பொருந்தி நிற்க, வளையம் அதைச் சுற்றித் திரும்புகிறது. கழுத்தைத் திருப்புகிறோமே, அதில் பாதித் திருப்பம் இந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது. 'ஆமாம்' என்று தலையாட்டுவது பெரும்பாலும் மண்டையோட்டுக்கும் அட்லஸுக்கும் நடுவே, 'இல்லை' என்பது அட்லஸுக்கும் ஆக்ஸிஸுக்கும் நடுவே. (ஆமாமா இல்லையா என்று புரியாதபடி நம்மூரில் பக்கவாட்டில் ஆட்டுவோமே, அது எந்த மூட்டு என்று கேட்காதீர்கள் :-) )

முளை பின்னால் நகராமல் ஒரு தசைநார் இழுத்துக் கட்டியிருக்கிறது. அதற்குப் பின்னால் தண்டுவடம். பெரியவர்களுக்கு முளைக்கும் வளையத்தின் முன்பக்கத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளி வழக்கமாக 3 மி.மீட்டருக்குள்தான். முடக்குவாதம் அந்தத் தசைநாரை அரித்துவிடலாம். விபத்தில் முளை ஒடியலாம். சிலருக்குப் பிறவியிலேயே முளை முழுசாக ஒட்டாமல் தனித் துண்டாக இருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் சிலருக்குத் தசைநாரே தளர்வு. எப்படியானாலும் முடிவு ஒன்றுதான். தலை குனியும்போதெல்லாம் வளையம் முன்னால் வழுக்கும், முளை தண்டுவடத்தை நசுக்கும். மூச்சுவிடச் சொல்கிற நரம்புகளே இதற்குப் பக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன. 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995 மே மாதம் குதிரையிலிருந்து விழுந்தபோது உடைந்தது இந்த இரண்டு எலும்புகள்தான். 2004-ல் இறக்கும்வரை அவர் பெரும்பாலான நேரம் சுவாசக் கருவியின் தயவில்தான் இருந்தார்.

ஆடுகிற இரண்டு எலும்பையும் சேர்த்து ஒன்றாக ஒட்டவைத்துவிடு. வைத்தியம் இவ்வளவுதான். பாதித் திருப்பம் போகும், உயிரும் கைகாலும் இருக்கும். வாங்குகிறவர் தாராளமாக ஒத்துக்கொள்கிற பேரம்.

எதை வைத்துக் கட்டுவது என்பதில்தான் நூறு வருஷம் போயிருக்கிறது. 1910-ல் அமெரிக்காவில் மிக்ஸ்டரும் ஆஸ்குட்டும் முறுக்கிய பட்டுநூலால் அட்லஸைக் கீழே இருக்கிற ஆக்ஸிஸோடு சேர்த்துக் கட்டினார்கள். நிஜமாகவே பட்டுநூல்! 1939-ல் கனடாவின் காலி கம்பியால் கட்டி, நடுவே இடுப்பெலும்புத் துண்டு வைத்தார். கம்பி நல்ல பொருள்தான், ஆனால் முன்னும் பின்னும் ஆடுவதைத் தடுக்கிற அளவுக்குத் திரும்புவதைத் தடுக்காது. அதனால் ஆபரேஷன் முடிந்தும் நோயாளி பல வாரம் தலையில் இரும்பு வளையம் மாட்டிக்கொண்டு கிடக்கவேண்டியிருந்தது. பிறகு 1980-களில் மேகர்ல் என்பவர் புதுவழி சொன்னார். ஆக்ஸிஸின் கீழ்ப்பக்கம் ஆரம்பித்து, மூட்டுக்குக் குறுக்கே, அட்லஸுக்குள் போகிறமாதிரி பக்கத்துக்கு ஒரு நீள ஸ்க்ரூ. இது பிரமாதமாகப் பிடித்தது. எலும்பு ஒட்டாமல் போவது வெகுவாகக் குறைந்தது.

ஆனால் அந்த ஸ்க்ரூ போகிற வழியில்தான் முதுகெலும்புத் தமனி இருக்கிறது.

தோளுக்கு அருகே பெரிய குழாயிலிருந்து பிரிந்து, பெரும்பாலோருக்கு ஆறாவது கழுத்தெலும்பில் நுழைகிறது இந்தத் தமனி. ஒவ்வொரு எலும்பின் பக்கவாட்டிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஊசியில் கோத்த பாசிமணி மாதிரி அந்த ஓட்டைகள் வழியே நேராக மேலே ஏறுகிறது. ஆக்ஸிஸை அடைந்ததும் நேர்வழி முடிந்தது. வெளிப்பக்கம் வளைந்து, அட்லஸின் ஓட்டையில் ஏறி, உடனே பின்னால் திரும்பி, அட்லஸின் முதுகில் இருக்கிற ஒரு பள்ளத்தில் படுத்தவாக்கில் ஓடி, பிறகுதான் மண்டைக்குள் போகிறது. உள்ளே இடதும் வலதும் ஒன்றாகச் சேர்ந்து மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் ரத்தம் கொடுக்கின்றன. இத்தனை வளைவு எதற்கு? தலையைத் திருப்பும்போது குழாய் இழுபடாமல் இருக்கத்தான். கிணற்றுக் கயிற்றில் கொஞ்சம் தளர்வு விடுவது மாதிரி. நல்ல ஏற்பாடு. ஸ்க்ரூ போடுகிறவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் நல்ல ஏற்பாடு.

இந்தத் தமனியின் தடிமன் சுமார் 3 முதல் 5 மி.மீ. வழக்கமாகப் போடுகிற ஸ்க்ரூ 3.5 மி.மீ. குழாய்க்கும் ஸ்க்ரூவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. சிராய்த்துவிட்டுப் போகும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியாது.

வழக்கமான உடம்பிலேயே இப்படி. வழக்கத்துக்கு மாறான உடம்பில்? அந்த மாறுதல்கள் பல வகை. அடிக்கடி வருவது, ஆக்ஸிஸுக்குள் தமனி ரொம்ப மேலேயும் உள்ளேயும் ஏறி வளைவது. வளைகிற இடத்தில் எலும்பு குடையப்பட்டு, ஸ்க்ரூ போகவேண்டிய பாலம் மெலிந்துபோகும். வெளியே பார்த்தால் எலும்பு எலும்பாகத்தான் தெரியும். ஆற்றங்கரையில் அடியில் மண் அரித்துப்போய் மேலே புல் மட்டும் நிற்குமே, அந்த மாதிரி. 1996-ல் அமெரிக்காவில் 94 பேரின் ஸ்கேன்களை அளந்து பார்த்த ஓர் ஆய்வில் 17 பேருக்கு, அதாவது 18 சதவீதம் பேருக்கு, குறைந்தது ஒரு பக்கமாவது மேகர்ல் ஸ்க்ரூ போடவே கூடாது என்று வந்தது. வழக்கத்துக்கு மாறு என்கிறோம், ஐந்தாறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது! வகுப்பில் ஒரு பெஞ்சுக்கு ஒருவர்.

இன்னொன்று அபூர்வம், ஆனால் கதை சுவாரசியம். கருவில் குழந்தையின் கழுத்துக்குக் கணுக்கணுவாக ஏழு சிறு குழாய்கள் ரத்தம் கொண்டுவருகின்றன. நாளடைவில் அவற்றைக் குறுக்கே இணைத்து ஒரு நெடுங்குழாய் உருவாகிறது. அதுதான் நமது தமனி. ஏழாவது குழாய் அதன் ஆரம்பமாகத் தங்க, மற்றவை வேலை முடிந்ததும் மறைந்துவிட வேண்டும். பைபாஸ் ரோடு வந்ததும் பழைய ஊர்ப்பாதை புல் முளைத்து மூடிப்போகிற மாதிரி. சிலருக்கு முதல் குழாய் மறையாது. பைபாஸ்தான் மூடிப்போகும், பழைய பாதையில் வண்டி ஓடும். அப்போது தமனி அட்லஸின் ஓட்டைக்குள் போகாமல், அட்லஸுக்கும் ஆக்ஸிஸுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியிலேயே உள்ளே நுழைந்துவிடும். சிலருக்கு இரண்டு பாதையும் மிஞ்சி, தமனி இரண்டாகப் பிரிந்து அட்லஸுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் போய் மறுபடி சேரும். இவை பொதுவாகச் சிலருக்குத்தான். ஆனால் பிறவியிலேயே இந்த எலும்புகளில் கோளாறு உள்ளவர்களிடமும், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடமும் அதிகம். அதாவது, யாருக்கு இந்த ஆபரேஷன் அதிகம் தேவைப்படுகிறதோ அவர்களிடமே அதிகம். எலும்பும் குழாயும் ஒரே சமயத்தில் உருவாகின்றன, ஒன்று வழிதவறினால் மற்றதும் தவறுகிறது.

அட்லஸின் முதுகுப் பள்ளத்துக்கு மேலே எலும்பு வளர்ந்து பாலம் கட்டிவிடுவதும் உண்டு. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் 'அடடா, எலும்பு நல்ல தடிமனாக இருக்கிறதே' என்று தோன்றும். அந்தத் தடிமனுக்குள் தமனி ஓடிக்கொண்டிருக்கும். நம்பி டிரில் பிடித்தால் போச்சு.

மேகர்ல் முறை பரவியபிறகு எத்தனை பேருக்குக் குழாய் வெட்டுப்பட்டது என்று அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களிடம் கேட்டுத் தொகுத்த கணக்கு 1998-ல் வந்தது. 1,318 நோயாளிகள். உறுதியாகக் காயம்பட்டது 31 பேருக்கு, சந்தேகம் 23 பேருக்கு. சேர்த்தால் 4.1 சதவீதம். அதில் பக்கவாதம் போன்ற பாதிப்பு வந்தது மொத்தத்தில் 0.2 சதவீதம், உயிர்போனது 0.1. கடைசி இரண்டு எண்ணையும் பார்த்தால் 'பரவாயில்லையே' என்று தோன்றும். ஆனால் கணக்குத் தணிக்கை படிக்கிறவர்களுக்கு உடனே ஒரு கேள்வி வரவேண்டும். கேள்வித்தாளுக்குப் பதில் அனுப்பாதவர்களின் கணக்கு எங்கே? யாருக்குக் கை தவறியதோ அவர் பதில் எழுத உட்காருவாரா?

அதை விட்டுவிட்டாலும், இன்னொரு விஷயம் இருக்கிறது. 4.1 என்பது எல்லோரையும் கூட்டி வகுத்து வந்த எண். எலும்பு தடித்தவருக்கு ஆபத்து அதைவிடக் குறைவு, குடையப்பட்ட எலும்பு உள்ளவருக்கு அதைவிடப் பல மடங்கு. சராசரி ஆழம் மூன்றடி என்று நம்பி ஆற்றில் இறங்கினவர் கதைதான். மேஜைமேல் குப்புறப் படுத்திருக்கிறவருக்குச் சராசரி கழுத்து கிடையாது, அவருடைய கழுத்துதான் உண்டு.

இதில் மும்பைக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பரேலில் இருக்கிற கே.இ.எம். ஆஸ்பத்திரி, மாநகராட்சி நடத்துகிற ஆஸ்பத்திரி. அங்கே அதுல் கோயல், இன்னொரு மருத்துவர் லஹேரியுடன் சேர்ந்து 1994-ல் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். இரண்டு எலும்புக்கும் குறுக்கே ஒரே நீள ஸ்க்ரூ வேண்டாம். அட்லஸின் பக்கத்திரளில் தனியாக ஒன்று, ஆக்ஸிஸில் தனியாக ஒன்று, இரண்டையும் ஒரு தகட்டால் இணைப்பது. ஆக்ஸிஸில் போகிற ஸ்க்ரூவுக்குக் கோணம் வேறு என்பதால் தமனியை விட்டுச் சற்று விலகிப்போக வழியுண்டு. வழுக்கின எலும்பை ஸ்க்ரூவைப் பிடித்தே இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்தவும் முடியும். 2001-ல் ஜெர்மனியின் ஹார்ம்ஸும் மெல்ச்சரும் தகட்டுக்குப் பதில் கம்பித்தண்டு வைத்து எழுதினார்கள். கோயல்-ஹார்ம்ஸ் முறை என்று உலகம் முழுக்க இன்று பெயர். சில இடங்களில் ஹார்ம்ஸ் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் நடக்கிறது. ஏழு வருஷம் முன்னால் வந்தவர் பெயர் எப்படித் தவறிப்போகிறது என்று தெரியவில்லை, அல்லது தெரிகிறது.

சரி, இந்த முறையில் ஆபத்தே இல்லையா? இங்கேதான் அந்தப் பழைய ஊர்ப்பாதை திரும்ப வருகிறது. அட்லஸில் ஸ்க்ரூ நுழையும் இடம் அதன் பின்வளைவுக்குச் சற்றுக் கீழே. மறையாமல் மிஞ்சின குழாய் குறுக்கே ஓடுவதும் சரியாக அதே இடத்தில்! டிரில் வரைக்கும் போகவேண்டியதில்லை, எலும்பைக் கண்ணால் பார்க்கச் சதையை விலக்கும்போதே வெட்டுப்படலாம். பழைய முறைக்கு மேலேறிய தமனி எதிரி என்றால், புதிய முறைக்கு இதுவும் சேர்ந்துகொண்டது.

ஆகையால் முதல் வேலை ஆபரேஷன் தியேட்டரில் இல்லை, ஸ்கேன் அறையில். சாயமருந்து ஏற்றி எடுக்கிற சி.டி. ஆஞ்சியோவில் எலும்பும் குழாயும் சேர்ந்து முப்பரிமாணத்தில் தெரியும். அதை வைத்து மருத்துவர் என்ன யோசிக்கிறார் என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஐம்பது வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பல வருஷ முடக்குவாதம். இப்போது ஜாக்கெட் ஊக்கு மாட்ட வரவில்லை, நடந்தால் கால் பின்னுகிறது. எலும்பு வழுக்குகிறது, ஆபரேஷன் கட்டாயம். ஸ்கேனில் பார்த்தால் வலது தமனி பெரிதாக, மேலேறி, ஆக்ஸிஸைக் குடைந்திருக்கிறது. இடது தமனி நூலாக இருக்கிறது, எலும்பு தடிமனாக இருக்கிறது.

இரண்டு குழாயும் ஒரே அளவில் இருப்பவர்களுக்கு ஒன்று போனாலும் மற்றது பெரும்பாலும் சமாளிக்கும். இந்த அம்மாவுக்கு அப்படியில்லை. மூளையின் பின்பகுதிக்கு வருமானம் எல்லாம் வலதுபக்கம்தான், இடது பெயருக்கு. வலது வெட்டுப்பட்டால் விழுங்க முடியாமல், குரல் கம்மி, தலை சுற்றி, முகத்தில் ஒரு பக்கமும் உடம்பில் மறுபக்கமும் சூடு குளிர் தெரியாமல் போகலாம். அதைவிட மோசமாகவும் போகலாம். ஆகவே மருத்துவர் இடதுபக்கம் முதலில் ஆரம்பிக்கிறார். அங்கே இரண்டு ஸ்க்ரூ, ஒரு தண்டு. வலதுபக்கம்?

இங்கே இந்தத் துறையில் எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒரு விதி இருக்கிறது. ஒரு பக்கம் டிரில் பண்ணும்போது ரத்தம் பீறிட்டால், ஸ்க்ரூவையே அந்த ஓட்டையில் திருகி அடைத்துவிட்டு, மறுபக்கம் தொடாதே. இரண்டு பக்கமும் போட்டுத்தான் பழக்கம், கருவியெல்லாம் தயார், இன்னும் பத்து நிமிஷ வேலை, ஆனாலும் தொடாதே. ஏனென்றால் ஒரு குழாய் போன கழுத்தில் இரண்டாவதையும் இழந்தால் மிச்சம் எதுவும் இருக்காது.

இந்த அம்மாவுக்கு ரத்தம் பீறிடவில்லை. இடதுபக்கம் சுமுகமாக முடிந்தது. அப்படியிருந்தும் மருத்துவர் வலது ஆக்ஸிஸில் வழக்கமான ஸ்க்ரூவைப் போடவில்லை. பெரிய குழாய் இருக்கிற மெலிந்த பாலத்தில் 'கொஞ்சம் கவனமாகப் போனால் போய்விடலாம்' என்று கை துறுதுறுக்கிற நேரம் அது. இடதுபக்கம் நன்றாக அமைந்த தெம்பு வேறு. நன்றாகப் போகும்போது நிறுத்துவதுதான் இருப்பதிலேயே கஷ்டம், கிரிக்கெட்டிலும் சரி, ஷேர் மார்க்கெட்டிலும் சரி.

மாற்று இல்லாமல் இல்லை. ஆக்ஸிஸின் பின்பக்கத் தகட்டெலும்புக்குள் குறுக்கே ஸ்க்ரூ போடுகிற முறையை 2004-ல் அமெரிக்காவில் ரைட் என்பவர் எழுதினார். தமனி இருக்கிற பக்கமே போகாது. தகடு தடிமனாக இருந்தால் அது போதும். மெலிந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் ஸ்க்ரூ, கூடவே பழைய காலியின் கம்பியும் இடுப்பெலும்புத் துண்டும். ஒரு பக்கம் மட்டும் மேகர்ல் ஸ்க்ரூ போட்டுக் கம்பியும் எலும்பும் சேர்த்த 19 பேரைப் பற்றி 1997-ல் ஓர் அறிக்கை வந்தது, பெரும்பாலோருக்கு எலும்பு ஒட்டியிருந்தது. 1939-ன் கம்பி இப்படி மறுபடி வேலைக்கு வருகிறது. இப்போது நோயாளியின் எலும்பை அப்படியே முப்பரிமாண அச்சில் எடுத்து முன்கூட்டி டிரில் செய்து பார்க்கிறார்கள், ஆபரேஷன் நடக்கும்போதே கருவி எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும் வழிகாட்டியும் வந்துவிட்டது. இவையெல்லாம் நிஜமான உதவி. ஆனால் குப்புறப் படுக்கவைத்து எலும்பை நகர்த்தியபிறகு உள்ளே இருப்பது காலையில் எடுத்த படம் இல்லை. எலும்பு இரண்டு மி.மீ. நகர்ந்தாலே திரை சொல்வது பழைய செய்தி.

இந்த அம்மாவுக்குத் தகடும் மெலிவுதான். இடதுபக்கம் ஸ்க்ரூ, நடுவே கம்பி, இடுப்பெலும்பு. கழுத்துப்பட்டை மூன்று மாசம். வீட்டுக்கு அனுப்பும் முன்னால் எக்ஸ்ரே எடுத்து மகனிடம் கொடுக்கிறார்கள். மகன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். இடதுபக்கம் பளிச்சென்று இரண்டு ஸ்க்ரூ. வலதுபக்கம் காலி.

"ஒரு பக்கம்தான் போட்டிருக்காங்க டாக்டர், இன்னொரு பக்கம் விட்டுப்போச்சா?"

மருத்துவர் பழைய ஸ்கேனை எடுத்து வைக்கிறார். வலதுபக்கம், எலும்பைக் குடைந்துகொண்டு மேலே ஏறி வளையும் அந்த வெள்ளைக் கோட்டை விரலால் காட்டுகிறார். மகன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, பட்டைக்குள் கழுத்தை அசைக்காமல், ஜாக்கெட் ஊக்கை மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேல் ஊக்கு மாட்டிவிட்டது. அடுத்தது இன்னும் வரவில்லை.